அப்பாவோட டேக்ஸ் பேப்பர் யார் கைக்குப் போகும்?

கேள்வி: அக்கா, நாங்க நியூ ஜெர்சியில இருக்கோம், கிரீன் கார்டு வந்து ஏழு வருஷம் ஆச்சு. பொண்ணுக்கு 22 வயசு, டிகிரி முடிச்சிட்டா, பார்மசி காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. ஃபாஃப்சான்னு படிப்பு உதவிக்கான அரசாங்க ஃபாரம் போட்டப்ப அப்பா அம்மா விவரமே கேக்கல. இப்ப காலேஜ்ல இருந்து ஹெச்பிஎஸ்எல்னு ஒரு கவர்மென்ட் லோன் இருக்கு, 5 பர்சென்ட் வட்டிதான், ஆனா உங்க ரெண்டு பேரோட டேக்ஸ் பேப்பரும் வேணும்னு சொல்றாங்க. இவர் ஒரே பிடியா முடியாதுங்கறார். அந்த ஆபீஸ்ல எங்க தமிழ்ச் சங்கத்துக்காரர் ஒருத்தர் வேலை பாக்கறார், நம்ம வருமானம் பொங்கல் விழாவுல எல்லாரும் பேசற விஷயமாயிடும்னு பயப்படறார். பொண்ணு அழுதுட்டே இருக்கா. இன்னொரு விஷயம், அவளோட லோன் அக்கவுன்ட் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், நான் உள்ள போய்ப் பாத்தது தெரிஞ்சு ரெண்டு நாளா என்கிட்ட பேசல. பேப்பர் குடுக்கலாமா? நான் பண்ணது தப்பா? இந்த மாசம் 25ஆம் தேதி கடைசி.
பேர் போட வேண்டாம், நியூ ஜெர்சி

பதில்:

தங்கச்சி, பேப்பரைக் குடுங்க. அதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா உங்களுக்குத் தேதி நெருங்குது. ஆனா உங்க வீட்டுக்காரரோட பயத்தை நான் லேசா எடுத்துக்கல, அவர் கேக்கறது சரியான கேள்வி, நான் இந்த மாதிரி ஒரு காலேஜ் லோன் ஆபீஸ்ல பல வருஷம் உக்காந்திருந்தவ, அந்தக் கேள்வியைக் கேக்காம கையெழுத்துப் போட்டுட்டுப் போனவங்களை நினைச்சுதான் எனக்குக் கவலை.

ஃபாஃப்சாவுல கேக்காதது இங்க ஏன் கேக்கறாங்கன்னா, இது வேற டிபார்ட்மென்ட். ஃபாஃப்சா கல்வித்துறையோடது, அங்க டிகிரி முடிச்சிட்டு பார்மசி படிக்கப் போற பொண்ணு தனி ஆள். ஹெச்பிஎஸ்எல் சுகாதாரத்துறைக்குக் கீழ ஹெர்சான்னு ஒரு அமைப்பு நடத்தறது, 1963ல வந்த சட்டம், நர்ஸுங்களுக்கு அடுத்த வருஷம் 1964ல தனியா ஒண்ணு வந்துது. இதுல குடும்ப வசதியைப் பாத்துத்தான் தருவாங்க, அதனாலதான் பொண்ணு பெரியவளா இருந்தாலும் அப்பா அம்மா வருமானம் கேக்கறாங்க. வட்டி 5 பர்சென்ட், படிக்கிறப்பவும் முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் வட்டியே ஏறாது. 2026 ஜூலையில இருந்து புதுசா சேர்ற பசங்களுக்கு, மேல்படிப்புக்குக் கல்வித்துறை குடுத்துட்டிருந்த கிராட் பிளஸ் லோனும் கிடையாதுன்னு ஆயிடுச்சு, இப்ப இந்த மாதிரி ஒரு கடனை வேண்டாம்னு தள்ளிட்டு பிரைவேட் பேங்க்குக்குப் போனா அந்த வித்தியாசத்தை உங்க பொண்ணுதான் வருஷக் கணக்கா கட்டணும்.

இப்ப அந்தப் பேப்பர் எங்க போகும்? நிறைய பேர் கவர்மென்ட் லோன்னா எல்லாம் வாஷிங்டன் போயிடும்னு நினைக்கிறாங்க. இதுல கடன் குடுக்கறதே காலேஜ்தான். அரசாங்கம் குடுத்த பணத்தை காலேஜ் ஒரு சுழல் நிதியா வச்சிருக்கும், ஒருத்தர் திருப்பிக் கட்டறது அடுத்த பிள்ளைக்குப் போகும். அதனால உங்க டேக்ஸ் பேப்பர் இருக்கிற இடம் காலேஜ் ஆபீஸ் ஃபைல். அந்த ஃபைலைக் காப்பாத்தற சட்டம் 1974ல வந்த ஃபெர்ப்பா. ஒரே காலேஜ்ல வேலை பாத்தாலும் சரி, தன்னோட வேலைக்கு அந்த ஃபைல் தேவைப்படறவங்கதான் தொறக்கலாம். லைப்ரரியில இருக்கறவரோ அட்மிஷன்ல இருக்கறவரோ சும்மா எட்டிப் பாக்கக் கூடாது.

உங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, இது பல பேருக்குத் தெரியாது: காலேஜ்ல இருக்கிற தன்னோட ரெக்கார்டு எதை வேணா ஸ்டூடன்ட் கேட்டுப் பாக்கலாம், 45 நாளுக்குள்ள காட்டியாகணும், ஆனா அப்பா அம்மாவோட வரவு செலவு பேப்பரைக் காட்டச் சொல்லி ஸ்டூடன்ட்டுக்கே உரிமை கிடையாது. சொந்தப் பொண்ணுக்கே காட்ட வேண்டாத பேப்பர்னு சட்டம் அதைத் தனியா எடுத்து வச்சிருக்கு.

சங்கத்துக்காரர் விஷயம். அவர் லோன் ஆபீஸ்லயே இருந்தா, கூச்சப்படாம ஆபீஸ் டைரக்டருக்கு ரெண்டு வரி எழுதுங்க, எங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இங்க இருக்கார், எங்க ஃபைலை வேற ஒருத்தர் பாத்தா நல்லதுன்னு. யாரையும் குத்தம் சொல்ற மாதிரி இல்ல. நான் இருந்த இடத்துல தெரிஞ்சவங்க ஃபைல் வந்தா நாங்களாவே பக்கத்து மேசைக்குத் தள்ளிடுவோம், அவர் நல்ல மனுஷனா இருந்தா அவருக்கும் அது நிம்மதிதான், விழாவுல உங்களைப் பாக்கறப்ப அவர் மனசுல எந்த நம்பரும் இருக்காது.

அப்புறம் நீங்க போட்ட டேக்ஸ் ரிட்டர்ன் ஃபாரம், அந்த 1040, அதை முழுசா ஸ்கேன் பண்ணி அனுப்பாதீங்க. வரித்துறையான ஐஆர்எஸ்ல இருந்து டேக்ஸ் ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது ரிட்டர்னோட சுருக்கப் பிரதி, வாங்கிக் குடுக்கலாமான்னு கேளுங்க, பல ஆபீஸ்ல அதைத்தான் விரும்புவாங்க. 2018ல இருந்து அந்த டிரான்ஸ்கிரிப்ட்ல சோஷியல் செக்யூரிட்டி நம்பரோட கடைசி நாலு இலக்கம்தான் தெரியும், பேர் கூட கடைசிப் பேரோட முதல் நாலு எழுத்துதான் இருக்கும், ஆனா வருமான நம்பரெல்லாம் முழுசா இருக்கும். ஆபீஸ்க்கு வேண்டியது கிடைச்சிடும், உங்களுக்கு வெளிய போகக் கூடாதது வெளிய போகாது. அதையும் காலேஜோட அப்லோடு பக்கத்துல மட்டும் ஏத்துங்க. ஈமெயில்ல வேண்டாம், "அங்கிள் நீங்களே குடுத்துடுங்க"ன்னு சங்கத்துக்காரருக்கு வாட்ஸப்ல அனுப்பறது வேண்டவே வேண்டாம், நம்ம ஆளுங்க பாதி விஷயத்தை அப்படித்தான் முடிக்கிறாங்க.

பேப்பர் தொலையறதுன்னாலே எல்லாரும் ஹேக்கரை நினைக்கிறாங்க. கனடாவுல 2012 நவம்பர்ல மத்திய அரசு ஆபீஸ் ஒண்ணுல இருந்து ஒரு வெளி ஹார்ட் டிரைவ் காணாமப் போச்சு, அதுல ஸ்டூடன்ட் லோன் வாங்கின 583,000 பேரோட விவரம். எவனும் கம்ப்யூட்டரை உடைச்சு உள்ள வரல, ஒரு பெட்டி காணோம், அவ்வளவுதான். அதனாலதான் சொல்றேன், குடுக்கறதைக் கொஞ்சமா குடுங்க, கேட்டதுக்கு மேல ஒரு தாளும் சேக்காதீங்க.

அரசாங்கத்துக்கு நேரா விவரம் போற இடமும் இருக்கு, அதுக்கு 1974 பிரைவசி சட்டம். அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கும் அது பொருந்தும், அதனால உங்க குடும்பமும் அதுக்குள்ள வந்துடும். ஒரு மத்திய அரசு ஆபீஸ் உங்களைப் பத்தி ஃபைல் வச்சிருந்தா அதைக் கேட்டு வாங்கிப் பாக்கலாம், தப்பா இருந்தா திருத்தச் சொல்லலாம், திருத்தச் சொன்ன லெட்டர் கிடைச்சிதுன்னு வேலை நாள் கணக்குல 10 நாளுக்குள்ள அவங்க சொல்லியாகணும். சோஷியல் நம்பர் கேட்டா எந்தச் சட்டப்படி கேக்கறீங்க, குடுத்தே ஆகணுமா இல்ல என் விருப்பமா, எதுக்கு யூஸ் பண்ணுவீங்கன்னு மூணையும் சொல்லணும். அந்தச் சின்ன எழுத்து பாராவைத்தான் நாம படிக்காம கீழ தள்ளிட்டுப் போறோம். வீட்டுக்காரரைப் படிக்கச் சொல்லுங்க, பாதி கேள்விக்கு அங்கயே பதில் இருக்கும்.

ஆனா தங்கச்சி, இத்தனை வருஷத்துல நான் பாத்த வரைக்கும் காலேஜ் நம்ம பேப்பரை வெளிய விட்டுடும்னு பயந்தவங்க பல பேர், நம்ம பேப்பரை நாமளே தொலைச்சுட்டுக் கஷ்டப்பட்டவங்க அதை விட அதிகம். ஒரு பல் டாக்டர் பொண்ணு, நம்ம ஊர்ப் பொண்ணுதான், படிப்பு முடிச்சு ரெசிடென்சின்னு மேற்பயிற்சி ரெண்டு வருஷம் பண்ணா. அந்த நேரத்துல கடனைத் தள்ளி வைக்கலாம், ஆனா வருஷா வருஷம் ஃபாரம் குடுக்கணும், அவ குடுத்தா. நடுவுல காலேஜுக்காக வசூல் பாக்கற கம்பெனி மாறிச்சு, ரெண்டாம் வருஷ ஃபாரம் புது கம்ப்யூட்டர்ல ஏறவே இல்ல. கட்டத் தவறினதா கிரெடிட் ரிப்போர்ட்டுக்குப் போயிடுச்சு. வீடு வாங்கப் போனப்பதான் அவளுக்கே தெரிஞ்சுது. எங்க ஆபீஸ்ல வந்து நின்னா, எங்க ஃபைல்லயும் அந்தத் தாள் இல்ல, எனக்கு அவ முகத்தைப் பாக்கவே முடியல. கடைசில அவ அம்மா கும்பகோணம் போறப்ப வரப்ப வாங்கின ஒரு மஞ்சப்பையில பொண்ணோட எல்லாப் பேப்பரையும் போட்டு வச்சிருந்தாங்க, அதுல ஸ்டாம்ப் குத்தின காப்பி இருந்துச்சு, அதை வச்சுத்தான் எல்லாம் சரியாச்சு. அன்னிக்கு அந்தப் பை இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு இன்னும் நினைச்சுப் பாப்பேன்.

நம்ம ஊர்ல புரோநோட்டு எழுதிக் குடுத்தா மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடலேன்னா காலாவதின்னு சொல்லுவாங்கல்ல, இந்தக் கடனுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. முப்பது வருஷம் கழிச்சும் கேக்கலாம். காலேஜ் திருப்பிக் கட்டின ரெக்கார்டை வச்சிருக்க வேண்டியது கடன் அடைஞ்சதுக்கு அப்புறம் 5 வருஷம். அதுக்கப்புறம் யாராவது பாக்கி இருக்குன்னு சொன்னா பதில் சொல்ற பேப்பர் உங்க பொண்ணு கையிலதான் இருக்கணும். இன்னொரு குழப்பம், ஸ்டூடன்ட்எய்ட் வெப்சைட்ல அவளோட கல்வித்துறை லோனெல்லாம் வரும், ஹெச்பிஎஸ்எல் அங்க வராது, ஏன்னா அது அந்தத் துறைக் கடனே இல்ல. அங்க காணோம்னு கடன் இல்லேன்னு நினைச்சு விட்டவங்களை நான் பாத்திருக்கேன். அதனால கையெழுத்துப் போட்ட கடன் நோட்டு, ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு வாங்கினான்னு வர்ற லெட்டர், தள்ளிவைப்பு ஃபாரம், முகவரி மாத்தின தகவல், கடைசியா முழுசும் அடைஞ்சுதுன்னு வர்ற லெட்டர், இதெல்லாம் ஒரு கவர்ல, ஒரு பென்டிரைவ்லயும். கடைசி லெட்டரை அவ ரிட்டயர் ஆகற வரைக்கும் வச்சுக்கட்டும்.

சுகாதாரத்துறைக் கடனைக் கட்டாம விட்டா ரகசியம்னு ஒண்ணு மிஞ்சாது, அதையும் வீட்டுக்காரர் தெரிஞ்சுக்கணும். ஹீல்னு மருத்துவப் படிப்புகளுக்கு முன்னாடி ஒரு கடன் இருந்துது, 1978ல ஆரம்பிச்சு 1998ல புதுசா குடுக்கறதை நிறுத்தினாங்க, 2014ல கல்வித்துறைக்கு மாத்திட்டாங்க. அதுல கட்டாத டாக்டர், பல் டாக்டருங்க பேரையும் பாக்கித் தொகையையும் அரசாங்கமே எல்லாரும் பாக்கற மாதிரி வெளியிட்டுச்சு, சட்டமே அப்படி. அதோட, சுகாதாரத்துறை குடுத்த இல்ல பொறுப்பேத்துக்கிட்ட படிப்புக் கடனைக் கட்டாம விட்டா மெடிகேர், மெடிகெய்ட்னு அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ் ரெண்டுல இருந்துமே ஒருத்தரை விலக்கி வைக்கலாம், அந்த விலக்கு லிஸ்டும் பேர் போட்டுத் தேடற மாதிரி இன்டர்நெட்ல இருக்கு. ஒரு பார்மசிஸ்ட் பேர் அதுல வந்தா எந்த மருந்துக்கடை வேலை குடுக்கும் சொல்லுங்க, கவுன்டருக்கு வர்ற ஆளுல நிறைய பேர் மெடிகேர்தானே.

பாஸ்வேர்டு விஷயம், நீங்க நேரா கேட்டீங்க, நானும் நேரா சொல்றேன், தப்புதான். உங்க மனசு எனக்குப் புரியுது, கஷ்டப்பட்டு வந்து, கடன்னா என்னன்னு தெரிஞ்ச தலைமுறை நாம, பொண்ணு எங்க மாட்டிக்குவாளோன்னு வயிறு கலங்கும். ஆனா அந்த லாகின் அவளோட கையெழுத்துக்குச் சமம், அதை வச்சுத்தான் கடன் நோட்டுல கையெழுத்தே போடறாங்க, சொந்த அம்மாவானாலும் அதை யூஸ் பண்ணக் கூடாதுன்னு கல்வித்துறையே சொல்லுது. ஃபெர்ப்பாவும் காலேஜ் சேர்ந்த நாள்ல இருந்து அந்த உரிமையைப் பொண்ணுக்கே குடுத்துடுச்சு. நீங்க பாக்கணும்னா வழி இருக்கு, அவ காலேஜ்ல ஒரு சம்மதக் கடிதம் எழுதிக் குடுத்தா ஆபீஸ்ல உங்ககிட்ட பேசுவாங்க, எதைப் பத்திப் பேசலாம்னு அதுலயே அவ குறிச்சிடலாம். ஆனா எழுதிக் குடுன்னு வற்புறுத்தாதீங்க. உங்க வருமானத்தை அவ பாக்கக் கூடாதுன்னு சட்டம் உங்களுக்குக் குடுத்த மரியாதையை நீங்க அவளுக்குக் குடுக்கணும்ல.

இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவளைக் கூப்பிட்டு, நான் உள்ள போயிருக்கக் கூடாது கண்ணு, நீயே பாஸ்வேர்டை மாத்திடுன்னு சொல்லுங்க, உங்க எதிர்லயே மாத்தட்டும். அப்படியே வீட்டுக்காரர் ஐஆர்எஸ் அக்கவுன்ட்டைத் தொறந்து டிரான்ஸ்கிரிப்டை எடுக்கட்டும், ஆன்லைன்ல அப்பவே கிடைச்சிடும், தபால்ல வரச் சொன்னா 5ல இருந்து 10 நாள் ஆகும், உங்களுக்கு 25ஆம் தேதிதான் இருக்கு.