முகட்டு ஓட்டுக்குச் சிமெண்ட் மட்டும் போதாது, தம்பி

வேல்ஸில் பழைய சிலேட்டுக் கூரை வீடு வாங்கியிருக்கிறீர்கள். முகட்டு ஓட்டுக்கு அடியில் இருந்த சிமெண்ட் பெயர்ந்து வாசலில் விழுகிறது. "நம்மூர் மேஸ்திரி மாதிரி கொஞ்சம் கலவை வைத்துப் பூசினால் போதாதா, ஏன் சாரம், ஸ்க்ரூ என்று பெரிய கணக்கு சொல்கிறார்கள்?" என்று கேட்கிறீர்கள். லீவில் வந்து பெரம்பூர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே போன புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விரிசலின் மேலேயே பூசித் தருகிறேன் என்று வந்தவரிடம் வேலையைக் கொடுத்தேன். ஜனவரி உறைபனியில் எல்லாம் போயிற்று. உள்ளே புகுந்த தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும், பூச்சைப் பிளந்துவிடும். இங்கே கலவை வெயிலில் வெடிக்காமல் இருக்கச் சாக்கை நனைத்துப் போடுவோம். அங்கே குளிருக்குப் போர்த்த வேண்டும்.

அதனால் ஓட்டைக் கழற்றி, பழைய கலவையைச் சுரண்டிவிட்டு மறுபடி உட்கார வைக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் 1, மணல் 3. ஓட்டின் இரு ஓரங்களிலும், ஓடும் ஓடும் சேரும் இடத்திலும்தான் கலவை. நடுவில் அடைத்தால் முகட்டுக் கட்டையில் ஈரம் தங்கும். சேரும் இடத்தில் கலவை தடிமனாக வரும். நம் கொத்தனார் செங்கல் சில்லு செருகுவது போல அங்கே ஓட்டுத் துண்டோ சிலேட்டுத் துண்டோ செருகுவார்கள். உண்மையில் மழையைத் தடுப்பது சிமெண்ட் இல்லை. கடைசி வரிசைச் சிலேட்டின் மேல் ஓடு இரு பக்கமும் குறைந்தது 75 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறதே, அதுதான்.

ஸ்க்ரூ ஏமாற்று வேலை இல்லை. கூரை வேலைக்கான பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 5534. 2014-இல் திருத்திய அந்தத் தரப்படி கலவையை மட்டும் நம்பக் கூடாது. காற்று தூக்காதபடி ஓட்டைக் கட்டையோடு முடுக்க வேண்டும். கலவையே இல்லாத 'டிரை ரிட்ஜ்' முறையும் உண்டு. பார்க்க எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அடுத்த முறை அதைத்தான் போடுவேன். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் முதலில் கவுன்சிலில் கேளுங்கள்.

சாரத்துக்குப் பேரம் பேசாதீர்கள். பள்ளிக்கூடத்தில் கீழே போட்டு உடைத்தோமே, அதே சிலேட்டுதான், மிதித்தால் போயிற்று. அப்புறம், நாம் ஏறிப் பார்க்கப் போவதில்லை. முகட்டு ஓட்டை உட்கார வைக்கும் முன்னும் வைத்த பின்னும் படம் வாங்கிக்கொண்டு கடைசித் தவணையைக் கொடுங்கள்.