இலத்திரன்களின் விலக்கு விசை கூடினால் மின்னேற்ற அடர்த்தி அலைவின் அலைநீளம் ஏன் பாதியாகிறது?

இறுதி வருட ஆய்வுக்கு ஹபார்ட் சங்கிலியை (வரிசையான தளங்களில் இலத்திரன்கள் தாவும், ஒரே தளத்தில் இரண்டு சேர்ந்தால் ஒன்றையொன்று விலக்கும் மாதிரி) கணித்திருப்பீர்கள், சங்கிலியின் முனையிலிருந்து எழும் அடர்த்தி அலைவில் முகடுகள் இரண்டு மடங்காக வந்திருக்கும். புரோகிராமை அழித்துவிடாதீர்கள். நான் அழித்தேன்.

என் வரைபடத்தைப் பார்த்ததும் மேற்பார்வையாளர், "அலைநீளம் பிழை, திருப்பி எழுதும்" என்றார். மூன்று கிழமை இருந்து எழுதினேன். அதே முகடுகள். மனம் விட்டுப்போய்ப் பரந்தனுக்கு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கிணறு வற்றிய ஆவணி மாதம். தண்ணிப் பவுசருக்காக ஒழுங்கையில் கான்கள் வரிசையாக இருந்தன. மற்ற வருடங்களில் அயல்வீட்டார் இரண்டு பேரின் கான்கள் ஒட்டி நிற்கும், பிறகு ஓர் இடைவெளி, பிறகு அடுத்த சோடி. அந்த முறை தண்ணி காணாமல் சண்டை. ஒவ்வொரு கானும் தனித்தனியே, சம தூரத்தில். கான்களின் தொகை மாறவில்லை, முகடுகள் மட்டும் இரட்டித்திருந்தன. பவுசர் நிற்கும் முனையில் ஒழுங்கு, தள்ளிப் போகப் போகக் கலைவு. அங்கேயே நின்றுவிட்டேன்.

இலத்திரனுக்கும் அதுதான். விலக்கு குறைவென்றால் எதிரெதிர் ஸ்பின் உள்ள இரண்டு ஓரிடத்தைப் பகிரும். அலைவு 2கேஎஃப் (கேஎஃப் என்பது ஃபெர்மி அலையெண், இலத்திரன்கள் நிரம்பிய நிலைகளின் எல்லை), அலைநீளம் சராசரி இடைவெளியின் இரு மடங்கு. விலக்கு வலுத்தால் பகிராது. 4கேஎஃப் மேலெழும், அலைநீளம் ஓர் இடைவெளி. டிடிஎஃப்-டிசிஎன்கியூ என்ற மின்கடத்தும் கரிமப் படிகத்தில் 1976இலேயே எக்ஸ் கதிர்ச் சிதறலில் இரண்டையும் கண்டார்கள்.

கானுக்குக் குவாண்டம் குறுக்கீடு இல்லை என்று சண்டைக்கு வர வேண்டாம், அது எனக்கும் தெரியும். ஹபார்ட் மாதிரியில் லட்டிஞ்சர் அளவுரு கே (விலக்கு கூடக் கூடக் குறையும் எண், அலைவு எவ்வளவு வேகமாகத் தேயும் என்று சொல்வது) 1/2க்குக் கீழே இறங்காது. ஆகவே சங்கிலியின் முனையிலிருந்து வெகுதூரத்தில் 2கேஎஃப்தான் மெதுவாகத் தேயும். 4கேஎஃப் அங்கேயும் வெல்ல கே 1/3க்குக் கீழே வர வேண்டும், அதற்கு ஒரே தளத்தைத் தாண்டியும் எட்டும் விலக்கு தேவை. குறுகிய சங்கிலியில் யூ (ஒரே தளத்தில் உள்ள விலக்கின் அளவு) பெரிதென்றால் 4கேஎஃப்தான் கண்ணில் படும். என் சங்கிலியில் 60 தளங்கள்.

  

சரி, உங்கள் கணிப்புக்கு வருவோம். யூவைச் சுழியத்திலிருந்து மெல்லக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அடர்த்தியின் பூரியர் மாற்றத்தை (எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) எடுங்கள். 2கேஎஃப் முகடு தணியத் தணிய 4கேஎஃப் எழும்பினால் அந்த வரைபடத்தோடேயே மேற்பார்வையாளரிடம் போங்கள்.