ஷெவர்லே சி10 கேபினில் ஃபைபர்கிளாஸ் ஸ்பீக்கர் பெட்டி: கேள்வி பதில்

கே: 1970 மாடல் சி10 பிக்கப் டிரக். சீட்டுக்குப் பின்னால் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டி வைக்கலாமா அண்ணா?

ப: 1967–72 சி10-இல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். அதைச் சரக்குப் பகுதிக்கு அடியில் மாற்றும்வரை அந்தப் பக்கம் டிரில் போகவே கூடாது. டேங்கை மாற்றும் எண்ணமில்லை என்றால் கிக் பேனலில் (கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில்) 6.5 அங்குல ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடதுபக்கம் பார்க்கிங் பிரேக் பெடலை முழுக்க மிதித்துப் பார்த்த பிறகே ஸ்பீக்கரைப் பொருத்தும் எம்.டி.எஃப் (மரநார்ப் பலகை) ரிங்கின் கோணத்தை முடிவு செய்யுங்கள்.

கே: வண்டியிலேயே அச்சு எடுத்தால் பெயின்ட் போகாதா?

ப: மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு, மேலே அலுமினியம் ஃபாயில், அதன்மேல் வாக்ஸ். 450 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) சாப்டு ஸ்ட்ராண்ட் மேட்டை, அதாவது ரெசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடியிழைப் பாயை, கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரம்தான் வளைவில் படியும். வண்டிக்குள் இரண்டு அடுக்கு போதும். இறுகியதும் கழற்றி, மீதியை வெளியில் வைத்துப் போடுங்கள். ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வரும்.

கே: மறுநாளும் ரெசின் பிசுபிசுக்கிறது. ஹார்டனர் போதவில்லையா?

ப: நகத்தால் அழுத்திப் பாருங்கள். அடியில் கெட்டியாக இருந்தால் கோளாறில்லை. மெழுகு சேர்க்காத பாலியெஸ்டர் ரெசினின் மேற்பரப்பைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் இறுகவிடாது. அசிட்டோனால் துடைத்துவிட்டுத் தேயுங்கள். நகம் இறங்கினால்தான் ஹார்டனர் குறைவு, அல்லது குளிர். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் எம்.இ.கே.பி (அதுதான் ஹார்டனர்), தராசில் எடை போட்டு. கூடினால் கப்பிலேயே கொதித்துப் புகையும், தடித்த இடத்தில் விரிசல் விடும்.

கோபால்ட்டை (ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) தனியாக வாங்குகிறவர்கள் கவனம்: அதை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே ஹார்டனர் ஊற்ற வேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

கே: ஃப்ளீஸ் துணி இழுத்து ரெசின் பூசி, பட்டியும் (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) போட்டாச்சு. பாஸ் (தாழ்ந்த ஒலி) வந்தால் பெட்டி அதிர்கிறது, பட்டி வெடிக்கிறது.

ப: துணி வடிவம் தரும், வலு தராது. பட்டியும் அப்படித்தான். ஸ்பீக்கர் துளை வழியாக உள்பக்கம் மூன்று அடுக்கு மேட் ஒட்டுங்கள். ரிங்கும் துணியும் சேரும் மூலையில் கூடுதலாக ஒன்று. வெடித்த பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கே: கோணல்மாணலான பெட்டியின் கொள்ளளவை எப்படி அளப்பது?

ப: ரெசின் முழுக்க இறுகிய பிறகு அரிசியை நிரப்பி, லிட்டர் படியால் அளந்து கொட்டுங்கள். 28.3 லிட்டர் ஒரு கன அடி. ஸ்பீக்கரின் காந்தமும் சட்டமும் அடைக்கும் இடத்தைக் கழிக்க மறக்காதீர்கள். அந்த அரிசி சமையலுக்கு ஆகாது.