விரிசல் விட்ட பழைய கமாடோ கிரில்: வாங்கலாமா, சரிசெய்யலாமா?

வாசகர் கேள்வி: அட்லாண்டாவை ஒட்டிய புறநகரில் இருக்கிறோம். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார். தன்னுடைய லார்ஜ் சைஸ் பிக் கிரீன் எக் கிரில்லை (கமாடோ எனப்படும் முட்டை வடிவப் பீங்கான் கரி அடுப்பு) 250 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். உள்ளே கரி போடும் ஃபயர்பாக்ஸ் இரண்டாகப் பிளந்திருக்கிறது. காற்று கசியாமல் இருக்க விளிம்பில் ஒட்டியிருக்கும் கேஸ்கட் கருகிவிட்டது. மூடி ஒரு பக்கம் சாய்ந்து உட்காருகிறது. தெர்மாமீட்டர் ஓட்டைக்கு மேலே மெல்லிய கோடு ஒன்றும் தெரிகிறது. இரண்டு வருடமாக உறை போடாமல் மழையிலேயே கிடந்ததாம். வாங்கலாமா? நானே சரிசெய்ய முடியுமா?

பதில்: அந்த மெல்லிய கோடு மேல்பூச்சோடு நிற்கிறதென்றால் தயங்காமல் வாங்குங்கள். கோடு உள்பக்கம் வரை போயிருந்தால் 250 டாலருக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன மற்ற எல்லாக் கோளாறும் ஒரு ஸ்பானரும் இரண்டு வார இறுதிகளும் இருந்தால் சரியாகிவிடும்.

பீங்கான் கிரில்லில் உண்மையான பொருள் இரண்டே இரண்டுதான். ஒன்று மூடி, இன்னொன்று அடிப்பாகம். ஃபயர்பாக்ஸ், அதன் மேல் உட்காரும் வளையம், இரும்புச் சல்லடை, கேஸ்கட், தெர்மாமீட்டர், மூடியையும் அடிப்பாகத்தையும் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டை, கீல் எல்லாமே மாற்றக்கூடிய உதிரிகள். மூடியையும் தனியாக வாங்கலாம், ஆனால் அதன் விலையைக் கேட்டால் பழசு வாங்கி மிச்சம் பிடிக்கும் எண்ணமே போய்விடும். கேட்கும் விலையோடு உதிரிகளின் விலையையும் கூட்டிப் பாருங்கள். புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுவது நல்லது. இது நான் வைத்திருக்கும் கணக்கு.

இப்போது அந்தக் கோடு. பீங்கானின் மேல்பூச்சில் சிலந்தி வலை மாதிரி நுண்ணிய கீறல்கள் விழுவது சகஜம். சூடு ஏறி இறங்கும்போது உள்ளிருக்கும் பீங்கானும் மேலே இருக்கும் பூச்சும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை, அதனால் வருவது அது. அதில் எந்த ஆபத்தும் இல்லை. விரிசல் என்பது வேறு. நகத்தைக் கோட்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள், இடறுகிறதா என்று. அப்புறம் மூடியைத் திறந்து, அதே இடத்தில் உள்பக்கம் கரியைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கேயும் கோடு தெரிந்தால் அது ஊடுருவிய விரிசல். இன்னொரு நல்ல அடையாளம் வெளிப்பக்கக் கறை. ஊடுருவிய விரிசல் வழியாகப் புகை கசிந்திருக்கும், அந்தப் பச்சைப் பூச்சின் மேல் கோட்டை ஒட்டியே பழுப்பாக ஒரு தடம் படிந்திருக்கும். துடைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், வெறும் அழுக்காகவும் இருக்கலாம்.

கடைசியாகத் தட்டிப் பாருங்கள். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, அதே முறைதான். விரல் முட்டியால் மூடியைச் சுற்றிலும் நாலைந்து இடத்தில் தட்டுங்கள். நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருக்கும் பக்கம் சத்தம் செத்து வரும். இரும்புப் பட்டைக்கு அருகில் தட்டினால் சத்தம் அடங்கித்தான் கேட்கும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அடிப்பாகத்தையும் இதே மாதிரி சோதியுங்கள், குறிப்பாகக் கீழே காற்றுக் கதவு இருக்கும் சதுர ஓட்டையின் மூலைகளை.

மூடியில் ஊடுருவிய விரிசல் இருந்தால் சூடு தாங்கும் ஃபர்னஸ் சிமென்ட் போட்டு அடைத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். புகை கசியாமல் அடைக்கலாம், உண்மைதான். ஆனால் அந்தச் சிமென்ட் பலம் தராது, இடைவெளியை நிரப்பும், அவ்வளவுதான். 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மெதுவாகப் புகையில் வேகவைக்க மட்டும் என்றால் அப்படிப்பட்ட மூடி பல காலம் ஓடலாம். நாண் ரொட்டியோ பீட்சாவோ போட 600 டிகிரிக்கு ஏற்றும்போது அதை நான் நம்ப மாட்டேன். குழந்தைகள் சுற்றி ஓடும் கொல்லைப்புறத்தில் வேண்டவே வேண்டாம். சாதாரண எபாக்ஸி பசை எதையும் கிரில்லின் எந்தப் பக்கத்திலும் தடவாதீர்கள், அந்தச் சூட்டில் அது கருகி நாற்றமடிக்கும்.

ஃபயர்பாக்ஸ் பிளந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நெருப்போடு நேரடியாக இருக்கும் பாகம் அது, உள்பக்கம் தகதகவென்று இருக்கும்போது வெளிப்பக்கம் குளிர்ந்திருக்கும். பிளப்பதுதான் அதன் இயல்பு. இதே வகை கிரில் செய்யும் கமாடோ ஜோ நிறுவனம் பின்னால் வந்த தன் மாடல்களில் ஃபயர்பாக்ஸைப் பல துண்டுகளாகவே செய்ததற்குக் காரணமும் இதுதான். இரண்டு துண்டும் நேராக நின்று, கரியையும் சல்லடையையும் தாங்கினால் அப்படியே பயன்படுத்துங்கள். விரிசலை ஒட்டவும் வேண்டாம், அந்த இடைவெளி விரிய இடம் கொடுக்கிறது. துண்டு சரிந்து விழும் நிலை வந்தால் புதுசு வாங்கிக்கொள்ளலாம்.

இதில் ஒரு விஷயம். பீங்கானுக்குத் தரும் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், உங்கள் கைக்கு வந்ததும் போய்விடும். விற்பவரே முதல் உரிமையாளர் என்றால், ரசீது இருக்கிறதா, கிரில்லைப் பதிவு செய்தாரா என்று கேளுங்கள். விற்பதற்கு முன்பே அவரை டீலரிடம் பேசி மாற்று ஃபயர்பாக்ஸ் கேட்டு வாங்கச் சொல்லலாம்.

எட் ஃபிஷர் 1974-ல் பிக் கிரீன் எக்கைத் தொடங்கியதே அட்லாண்டாவில்தான், அதனால் உங்கள் வட்டாரத்தில் டீலருக்கும் உதிரிக்கும் பஞ்சம் இருக்காது. பெயர் தெரியாத பிராண்டு என்றால் இதே 250 டாலருக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன். உடைந்த பாகத்துக்கு மாற்று கிடைக்காத கிரில்லை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

தூக்கி வருவதில்தான் நிறைய கிரில்கள் உடைகின்றன. லார்ஜ் சைஸ் சுமார் 160 பவுண்டு, அதாவது 70 கிலோவுக்கு மேல். முதலில் உள்ளே இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். அப்புறம் மூடியைத் திறந்த நிலையில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மேல் பட்டையின் நட்டைத் தளர்த்தி மூடியைத் தனியாக எடுங்கள். மூடிய நிலையில் இதைச் செய்யாதீர்கள். கீலில் இருக்கும் ஸ்பிரிங் இழுவிசையில் இருக்கும், மூடியின் எடை விலகியதும் பட்டை விருட்டென்று மேலே எகிறும். முகத்தில் அடித்தால் காயம் நிச்சயம். காரில் மூடியைப் போர்வையில் சுற்றி, உருளாமல் வையுங்கள். அடிப்பாகத்தைக் கீலையோ பக்கப் பலகையையோ பிடித்துத் தூக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பட்டையும் கீலும். மூடி சாய்ந்து உட்காருவதற்குப் பெரும்பாலும் காரணம் பட்டை தளர்ந்து நழுவியிருப்பது. இதை அப்படியே விட்டால் ஒரு நாள் திறக்கும்போது மூடி பட்டையிலிருந்து கழன்று தரையில் விழும், கதை அங்கேயே முடிந்துவிடும். துருவை வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். நட்டு, போல்ட் அரித்திருந்தால் புதிதாகப் போடுங்கள், பட்டையே இளைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மூடியைப் பொருத்தி மூடிய பிறகு ஒருவர் மேலிருந்து அழுத்திப் பிடிக்கட்டும். மூடியும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் விரலைச் சுற்றிலும் ஓட்டுங்கள், எங்கேயும் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிறகு இரண்டு நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். நாலைந்து சமையலுக்குப் பிறகு மறுபடி முடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து ஈரம். மழையில் கிடந்த பீங்கான் தண்ணீரைக் குடித்திருக்கும். அதில் நேராகப் பெரிய தீ மூட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பீங்கானையே பிளக்கும். எல்லாப் பாகங்களையும் பிரித்தே சில நாள் காற்றாட வையுங்கள். பிறகு ஒரு கை கரி மட்டும் போட்டு, 200 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம். ஆறவிட்டு மறுநாள் 350. அதற்கும் மறுநாள்தான் 600 டிகிரி. உள்ளே இருக்கும் பழைய கொழுப்பும் பூஞ்சையும் அந்தச் சூட்டில் எரிந்து சாம்பலாகும், சுவர் வெளுத்து வரும். சோப்பு, ஓவன் கிளீனர் எதுவும் உள்ளே படக் கூடாது, பீங்கான் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு உங்கள் கோழியில் அந்த வாசனை வரும். இதையெல்லாம் வெட்டவெளியில் செய்யுங்கள், கராஜுக்குள் கரி எரிப்பது உயிருக்கு ஆபத்து. சூடு ஏறியிருக்கும்போது மூடியைச் சட்டென்று திறந்தால் காற்று புகுந்து தீ குபீரென்று முகத்துக்கு வரும். இரண்டு அங்குலம் தூக்கி, சில விநாடி பொறுத்து, அப்புறம் முழுவதும் திறங்கள்.

கேஸ்கட்டை இந்தச் சூட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். பலர் முதலில் புது கேஸ்கட்டை ஒட்டிவிட்டு, மறுநாளே 600 டிகிரியில் அதைக் கருக்கிவிடுகிறார்கள். பழசைச் சுரண்டி எடுத்து, பிசினை அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். கிரில் முழுக்க ஆறியிருக்க வேண்டும், அருகில் நெருப்பே இருக்கக் கூடாது. புது கேஸ்கட்டை இழுக்காமல் ஒட்டுங்கள், இழுத்து ஒட்டினால் சூட்டில் சுருங்கி இடைவெளி விடும். மூடியை மூடி ஒரு நாள் அப்படியே விடுங்கள். முதல் சில சமையல்கள் 350 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒரு டாலர் நோட்டை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கமாக வந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கட்டைக் குறை சொல்லாதீர்கள், பட்டையை மறுபடி தளர்த்தி மூடியை நகர்த்திப் பொருத்துங்கள்.

ஃபயர்பாக்ஸைத் திரும்ப வைக்கும்போது அதன் ஓட்டை கீழே இருக்கும் காற்றுக் கதவுக்கு நேராக இருக்க வேண்டும். சுவருக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் நடுவில் இறுகிக்கிடக்கும் பழைய சாம்பலைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்தால் 212 காட்ட வேண்டும், இல்லையென்றால் பின்னால் இருக்கும் நட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். மர மேசையில் உட்கார வைப்பதாக இருந்தால் பலகையின் மேல் நேராக வைக்காதீர்கள். அடியில் தடிமனான கல் போட்டு, காற்று போக இடைவெளியும் விடுங்கள். தீ மூட்டாத நாளில் மேல் காற்றுவழியை மூடி, மழை உறை போட்டு வையுங்கள்.