வாடகைக்கும் சம்பளத்துக்கும் யார் நிதி தருவார்கள்?

கேள்வி: ஆறு வருடங்களாக ஏழைக் குழந்தைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்தும் பதிவு பெற்ற அறக்கட்டளை எங்களுடையது. வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவு, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி அனுமதி இரண்டும் இருக்கின்றன. நோட்டுப் புத்தகமும் கம்ப்யூட்டரும் வாங்கித் தர ஆள் உண்டு. வாடகை, கரன்ட் பில், கணக்கு எழுதுபவர் சம்பளம் என்றால் யாரும் வருவதில்லை. சிஎஸ்ஆர் நிதியில் (கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிடும் பணம்) 50 லட்சம் ‘எந்த நிபந்தனையும் இல்லாமல்’ வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். வெளிநாட்டு நிதிக்குப் போகலாம் என்றால், 20 சதவீதத்துக்கு மேல் சம்பளத்துக்குச் செலவழிக்க முடியாது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக, அந்த நபருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நிபந்தனை இல்லாத சிஎஸ்ஆர் பணம் என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. திட்டத்துக்காகக் கொடுத்த பணம் அந்தத் திட்டத்துக்கே செலவானது என்று கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டும். அப்படியிருக்க 50 லட்சத்தை ‘உங்கள் இஷ்டம்’ என்று யார் விட்டுவிடப் போகிறார்கள்? ‘கார்ப்பஸ் நன்கொடை என்று வாங்கிக்கொள்ளலாம்’ என்று அவர் அடுத்த கதையை எடுப்பார். கார்ப்பஸ் என்றால் செலவழிக்காமல் முதலாக வைத்திருக்கும் நிதி. கார்ப்பஸுக்குக் கொடுப்பது 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு சிஎஸ்ஆர் செலவாகவே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

இவர்களில் இரண்டு வகை. ஒரு வகை, ‘பிராசசிங் கட்டணம்’ வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடும். அதோடு போனால் உங்கள் நல்ல நேரம். இன்னொரு வகை நிஜமாகவே பணம் அனுப்பும். அனுப்பிவிட்டு முக்கால்வாசியைப் பணமாகத் திருப்பிக் கேட்கும். கணக்கை நேர் செய்ய பொய் பில்லும் அதுவே கொண்டுவரும். மாட்டும்போது நோட்டீஸ் வருவது அறங்காவலர்கள் பெயருக்குத்தான். பதிவும் போகும், வழக்கும் வரும். 2025 தொடக்கத்தில் கேரளத்தில் வெளிவந்த பாதி விலை ஸ்கூட்டர் மோசடியிலும் காட்டிய தூண்டில் இதுதான்: மீதிப் பணத்தை சிஎஸ்ஆர் தந்துவிடும் என்றார்கள். உங்கள் ஆசாமியிடம் அறக்கட்டளைப் பத்திர நகல், பான் எண், டிஜிட்டல் கையெழுத்து எதையாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே ஆடிட்டரிடம் சொல்லுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அறங்காவலர் வீட்டுப் பீரோவில்தான் இருக்க வேண்டும். புரோக்கர் பையில் அதற்கு வேலை இல்லை.

சரி, நேர்வழி என்ன? ‘பொதுச் செலவுக்கு’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, வகுப்பு நடக்க உண்மையில் என்ன ஆகிறதோ அதைக் கேளுங்கள். ‘நிர்வாகச் செலவு 4,80,000’ என்று பட்ஜெட்டில் ஒரே வரி போட்டால், படிக்கிறவர் அதைத்தான் முதலில் வெட்டுவார். அதையே பிரித்து எழுதுங்கள்: வகுப்பு நடக்கும் கட்டடத்தின் வாடகை, மாலை நேர மின்சாரம், வருகைப் பதிவும் பெற்றோர் தொடர்பும் பார்க்கும் ஒருங்கிணைப்பாளரின் அரைநாள் சம்பளம், இந்தத் திட்டத்தின் கணக்கு வேலைக்கு ஆகும் பங்கு. இது ஏமாற்று வேலை இல்லை. வாடகை கட்டாமல் எந்தக் கரும்பலகையும் சுவரில் நிற்காது. எந்தச் செலவை எந்தக் கணக்கில் பிரித்தீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி வைத்து, எல்லா நன்கொடையாளர்களுக்கும் அதையே காட்டுங்கள். ஒரே வாடகையை முழுசாக இரண்டு பேரிடம் வாங்குவது பலர் விழும் பள்ளம்.

கம்பெனிக்காரர்கள் ‘5 சதவீதம்தான் நிர்வாகம்’ என்பார்கள். விதியில் இருக்கும் அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலைகளைப் பொதுவாக நிர்வகிக்க ஆகும் செலவுக்கான உச்சவரம்பு. உங்கள் ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்கு இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அப்படியும் ஒவ்வொரு கம்பெனி விண்ணப்பப் படிவத்திலும் அந்த 5 வந்து உட்கார்ந்துவிடுகிறது. சிஎஸ்ஆர் நிதி வாங்கும் அமைப்புகள் செய்ய வேண்டிய சிஎஸ்ஆர்-1 பதிவை இன்னும் செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். 12ஏ, 80ஜி இருக்கும்போது அது உங்கள் ஆடிட்டர் முடித்துத் தரும் வேலைதான்.

வெளிநாட்டு நிதிக்கு வருவோம். 20 சதவீத வரம்பு உண்மை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் 2020 திருத்தம் அதை 50-லிருந்து இறக்கியது. ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான். வரம்பு நிர்வாகச் செலவுக்கு. எல்லாச் சம்பளமும் நிர்வாகச் செலவு ஆகிவிடாது. எது நிர்வாகம் என்பதை அந்தச் சட்டத்தின் 2011 விதிகளில் 5-ஆம் விதி சொல்கிறது. அலுவலக வாடகை, கணக்கு வேலை, நிர்வாகக் குழுவினருக்குத் தரும் ஊதியம் எல்லாம் அதில் வரும். அமைப்பின் நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவு வராது. மருத்துவமனையில் டாக்டர் சம்பளம், பள்ளியில் ஆசிரியர் சம்பளம் என்று விதியே உதாரணம் கொடுக்கிறது. அதனால் பாடம் நடத்துகிறவரின் நியமனக் கடிதத்தில் ‘ஆசிரியர்’ என்று இருக்கட்டும்; ‘அலுவலர்’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டுவிட்டு ஆய்வின்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். காலையில் கணக்கு, மாலையில் வகுப்பு என்று ஒரே ஆள் பார்த்தால், நேரத்தைக் குறித்து வைத்துச் சம்பளத்தைப் பிரியுங்கள். பாதி நிர்வாகம், பாதி திட்டம். அந்த நேரப் பதிவேடு இல்லையென்றால் முழுச் சம்பளத்தையும் நிர்வாகத்தில் தள்ளிவிட வாய்ப்பு உண்டு.

இவ்வளவு சொன்னாலும், எஃப்சிஆர்ஏ பதிவுக்கு இப்போதே ஓட வேண்டுமா என்று யோசியுங்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் நிர்வாகம் போக 15 லட்சமாவது நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கு, வருடாந்திரக் கணக்குத் தாக்கல் என்று அது தனி வேலை. சிறிய அமைப்புகளை இப்படிப் படிவத்தில் முக்கி எடுத்துவிட்டு, நிர்வாகச் செலவைக் குறை என்றும் சொல்கிற அரசாங்கத்தை என்ன சொல்ல? ‘எங்கள் டிரஸ்ட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் உங்களுக்குப் பங்கு தருகிறோம்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். 2020-லிருந்து அப்படி மாற்றிவிடுவது சட்டவிரோதம்.

உண்மையாகவே கை கட்டாத பணம் என்றால் அது தனிநபர்கள் மாதாமாதம் தரும் சிறுதொகைதான். 80ஜி ரசீதை மட்டும் காட்டி அவர்களை இழுக்கப் பார்க்காதீர்கள். புதிய வரி முறைக்கு மாறிய சம்பளக்காரருக்கு அந்தக் கழிவே கிடையாது. உங்கள் வகுப்பை வந்து பார்த்தவரிடம் கேளுங்கள். வருகிற பணத்துக்கு ரசீதில் ‘பொது நிதி’ என்று எழுதுங்கள். கௌரவமாக இருக்கட்டுமே என்று ‘கார்ப்பஸ்’ என்று எழுதி, நன்கொடையாளரிடமும் அப்படியே கடிதம் வாங்கிவிட்டால், அந்தப் பணத்தை முதலீட்டில் போட்டு வைக்க வேண்டியதுதான். வரும் வட்டியில்தான் வாடகை கட்ட முடியும்.