மூணு தடவை முழிப்பு – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருக்கேன், வயசு 46. ரெண்டு வருஷமா ராத்திரி 12.30, 2, 3.30னு முழிப்பு வந்துடுது, ஒவ்வொரு தடவையும் ஒன்னுக்கு போயிட்டு வந்து படுக்கறேன். சுகர் நார்மல், ஸ்கேன்ல ப்ராஸ்டேட்டும் நார்மல். மத்தியானம் சாப்ட்டா கண்ணு சொக்குது. என் குறட்டைக்கு பயந்து வீட்டுக்காரம்மா புள்ளைங்க ரூம்ல போய் படுத்துக்கறாங்க. மெடிக்கல்ல கேட்டு தூக்க மாத்திரை வாங்கி போடலாமா? உங்களுக்கும் இந்த பிரச்சினை இருந்துச்சுனு முன்னாடி எழுதிருந்தீங்க, அதான் கேக்கறேன். பேர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மாத்திரைய தயவுசெஞ்சு வாங்காதீங்க.

ராத்திரில முழிக்கறதே வியாதினு இல்லீங்க. தூக்கம் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்துனு போகும், ஒரு சுத்து முடியற எடத்துல எல்லாருமே லேசா முழிச்சு புரண்டு படுக்கறோம், காலைல ஞாபகம் இருக்காது. வயசு ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் கொறையறதால அந்த முழிப்பு நமக்கு தெரிய ஆரம்பிக்கும். உங்களுக்கு இது மட்டும்னா சாயங்காலத்துக்கு மேல டீய விடுங்க, முழிச்சா மணி பாக்காதீங்கனு சொல்லி முடிச்சிருப்பேன். ஆனா கூடவே குறட்டையும் பகல் தூக்கமும் இருக்கே.

எனக்கும் இதே தான். ஒன்னுக்கு வருது, அதனால முழிக்கறேன்னு மூணு வருஷம் நெனச்சுட்டு இருந்தேன், 7 மணிக்கு மேல தண்ணியே குடிக்காம தொண்டை காஞ்சு கெடந்திருக்கேன். ஒரு டாக்டர் டென்ஷன்னு சொல்லி அனுப்பிட்டார். கடைசில என் மனைவி தான் போன்ல ரெக்கார்ட் பண்ணி போட்டு காட்டினாங்க. குறட்டை, குறட்டை, திடீர்னு சத்தமே இல்ல, அவங்க மெதுவா எண்ணறது மட்டும் கேக்குது, 25 வரைக்கும் எண்ணிட்டாங்க, அப்புறம் தண்ணில முங்கினவன் மேல வந்து மூச்சிழுக்கற மாதிரி ஒரு சத்தம். பல நாள் அப்படி பக்கத்துல உக்காந்து எண்ணிட்டு இருந்திருக்காங்கனு அப்ப தான் தெரிஞ்சுது. இப்ப நெனச்சாலும் மனசு தாங்கல.

இதுக்கு ஸ்லீப் அப்னியானு பேர். தூங்கறப்ப தொண்டை சதை தளர்ந்து மூச்சு போற வழி அடைச்சுக்குது, ரத்தத்துல ஆக்ஸிஜன் எறங்குது, மூளை பதறி எழுப்பி விடுது. ஒன்னுக்கு வர்றதும் இதனால தான். அடைச்ச தொண்டை வழியா காத்த இழுக்க நெஞ்சு போராடறப்ப இதயத்தோட மேலறைல ரத்தம் சேந்து விரியுது, உடம்புல தண்ணி ஜாஸ்தியாச்சுனு எடுத்துகிட்டு இதயம் ஒரு ஹார்மோன விடுது, கிட்னி மூத்திரத்த கூட்டுது. நான் குடிக்காம விட்ட தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சில தூக்க மாத்திரைங்க அந்த சதைய இன்னும் தளர்த்தும், மூச்சு நின்னவன காப்பாத்தற அந்த முழிப்பையும் மந்தமாக்கும். குடியும் அப்படித்தான்.

உங்களுக்கு இதுவே தானானு நான் சொல்ல முடியாது, ஸ்லீப் ஸ்டடி தான் சொல்லும். நுரையீரல் டாக்டர்கிட்ட இல்ல இ.என்.டி.கிட்ட போனா எழுதி தருவாங்க. ஒரு ராத்திரி தலை, நெஞ்சு, விரல்னு வயர் ஒட்டி தூங்க விடுவாங்க, மணிக்கு எத்தன தடவை மூச்சு தடைபடுதுனு கணக்கு, 30 தாண்டினா கடுமை. எனக்கு 41. அப்புறம் சிபாப் மெஷின், மூக்குல மாஸ்க் போட்டு காத்தழுத்தத்தால தொண்டைய திறந்தே வச்சிருக்கும், ஆஸ்திரேலியா டாக்டர் காலின் சல்லிவன் 1981ல கொண்டு வந்த வழி. மொத பத்து நாள் மாஸ்க்க கழட்டி எறியணும் போல இருந்துச்சு. ரெண்டாவது மாசம் ஒரு நாள் நடுவுல எழுந்திருக்காமயே விடிஞ்சிருச்சு, படுக்கைலயே கொஞ்ச நேரம் அழுதேன்.

நீங்க கட்டிங் மெஷின் கத்தி முன்னாடி நிக்கறவர், அதான் எனக்கு கவலையா இருக்கு. டாக்டர பாக்கற வரைக்கும் சாப்ட்ட கையோட மெஷின தொடாதீங்க, கண்ணு சொக்கறப்ப வண்டியும் எடுக்காதீங்க. இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் வீட்டுக்காரம்மாவ உங்க பக்கத்துல இருந்து போன்ல பதிவு பண்ண சொல்லுங்க, டாக்டர்கிட்ட அத போட்டு காட்டுங்க. ஸ்டடி முடிஞ்சதும் எனக்கு எழுதுங்க.