பழைய ரவுட்டர்: பொறியைப் பார்க்கும் முன் பிடியைப் பாருங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் தச்சு வேலை செய்கிறேன். அப்பா வாங்கிய, மரத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும் 12 மி.மீ. ரவுட்டர் மெஷின் ஒன்று இருக்கிறது. ஸ்பீடு கண்ட்ரோல் கிடையாது, சுவிட்ச் போட்டால் நேரே 22,000 சுற்று. கொஞ்ச நாளாக உள்ளே தீப்பொறி அதிகமாகப் பறக்கிறது, சுவிட்சும் சுடுகிறது. நிலைச் சட்டத்தில் காடி எடுத்தால் ஆரம்பத்தில் 10 மி.மீ. வைத்த ஆழம் கடைசியில் 12 ஆகிவிடுகிறது. தர்மபுரியில் கடையில் காட்டினேன். “இதுக்குச் செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிக்கோங்க” என்றார்கள். வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா ஐயா?

பதில்: தூக்கிப் போட அவசரப்படாதீர்கள். நீங்கள் தீப்பொறியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்த 2 மி.மீ.தான் பயமாக இருக்கிறது.

பொதுவாக இதைக் கேட்டவுடன் ஆழத்தைப் பூட்டும் லீவர் நழுவுகிறது என்பார்கள். யோசித்துப் பாருங்கள், பூட்டு நழுவினால் தூணில் இருக்கும் ஸ்பிரிங் மோட்டாரை மேலே தள்ளும். காடி ஆழம் குறையுமே தவிர, நீங்கள் மேலிருந்து அமுக்கினால் ஒழிய அதிகமாகாது. ஆழம் கூடுகிறது என்றால் வெட்டும் அலகான பிட், அதன் தண்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டிலிருந்து கீழே இறங்குகிறது என்பதுதான் என் முதல் சந்தேகம். 2 மி.மீ. இறங்குவது ஒரு நாள் முழுசாக வெளியே வந்துவிடும்.

உறுதிசெய்ய ஒரு மார்க்கர் பேனா போதும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு பிட்டை வழக்கம்போல இறுக்குங்கள். காலெட்டை இறுக்கும் நட்டின் விளிம்பை ஒட்டி, பிட்டின் தண்டைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். மாங்கட்டைக் கழிவு ஏதாவது கிடந்தால், கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் இறக்கி ஓர் அடி நீளம் காடி ஓட்டுங்கள். மறுபடி ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். கோட்டுக்கும் நட்டுக்கும் நடுவே பளிச்சென்று இரும்பு தெரிந்தால் சந்தேகமே இல்லை, காலெட்தான். அது சரியாகும்வரை மெஷினை வேலைக்கு எடுக்காதீர்கள்.

அடுத்து வெர்னியரை எடுத்துப் பிட்டின் தண்டை அளந்து பாருங்கள். நம் ஊரில் 12 மி.மீ. பிட்டும் அரை இஞ்சு பிட்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். அரை இஞ்சு என்பது 12.7 மி.மீ. அது 12 காலெட்டில் நுழையாது, அதனால் தொந்தரவு இல்லை. பழைய மெஷினில் நடுவில் யாராவது அரை இஞ்சு காலெட் மாற்றிப் போட்டிருந்தால்தான் வம்பு. அதில் 12 மி.மீ. பிட் தாராளமாக நுழையும், ஸ்பேனருக்கு இறுகுவது போலவும் இருக்கும், ஆனால் வாயோரம் மட்டும்தான் பிடித்திருக்கும். 6 மி.மீ., 6.35 மி.மீ. (கால் இஞ்சு) கதையும் இதேதான். டேப் சுற்றியோ தகடு செருகியோ சமாளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேகத்தில் அது தற்கொலை.

அளவு சரியாக இருந்தால் காலெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். மரப்பிசினும் தூசியும் சேர்ந்து உள்ளே பழுப்பாக ஒரு படலம் பிடித்திருக்கும். தின்னரில் ஊறவைத்து, பித்தளை பிரஷ் போட்டுத் தேயுங்கள். காலெட் உட்காரும் தண்டின் கூம்புக் குழியையும் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், குழியின் வடிவம் கெட்டுவிடும். எண்ணெயும் விடக் கூடாது, அங்கே பிடிமானம்தான் வேண்டும். பிட்டை அடிவரை செருகிவிட்டு 2, 3 மி.மீ. மேலே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் இறுகும்போது காலெட்டோடு சேர்ந்து இறங்க இடமில்லாமல் பிடி அரைகுறையாகிவிடும். பிட் இல்லாமல் வெறும் நட்டை ஒருநாளும் இறுக்காதீர்கள்.

அப்படியும் நழுவினால் காலெட் தேய்ந்துவிட்டது. புதிய பிட் ஒன்றைச் செருகி, நட்டை இறுக்காமல் விரலால் ஆட்டினால் வாயருகே லொடலொடவென்று ஆடும். பிட்டின் தண்டில் கருப்பு வளையங்களும் தெரியும். காலெட்டும் நட்டும் சேர்த்துப் புதிதாக வாங்குங்கள். பெயர்ப்பலகையில் உள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, பழைய காலெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். தர்மபுரியில் கிடைக்கவில்லை என்றால் ஓசூர், அங்கேயும் இல்லையென்றால் பெங்களூர் எஸ்.பி. ரோடு. லேத் பட்டறையில் சாதா இரும்பில் கடைந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலெட் என்பது பதம் ஏற்றிய ஸ்பிரிங் எஃகு. சாதா இரும்பு ஒரு தடவை அமுங்கினால் அமுங்கியதுதான்.

ஆனால் லேத் பட்டறைக்கு ஒருமுறை போகத்தான் வேண்டும், சின்ன ஆட்டத்தையும் அளந்து காட்டும் டயல் கேஜுக்காக. காலெட் இல்லாமல், கூம்புக் குழியின் உட்சுவரில் ஊசியை வைத்துத் தண்டைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். ஊசி கிட்டத்தட்ட அசையாமல் இருக்க வேண்டும். புது பேரிங் போட்ட பிறகும் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது. அதற்குப் பிறகு செலவு செய்யாதீர்கள், கடைக்காரர் சொன்னது சரி. ஆடவில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது பொறிக்கு வருவோம். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு உரசியபடி கரண்டு கொடுக்கும் கரித்துண்டுதான் கார்பன். அதற்கு அடியில் சின்னச் சின்ன நீலப்பொறி எப்போதும் இருக்கும். மூடியைக் கழற்றிக் கார்பனை வெளியே எடுங்கள். நீளம் 5, 6 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அதே அளவு கிடைக்காமல் கொஞ்சம் தடிமனானது கிடைத்தால், கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்து, கூட்டுக்குள் தடையில்லாமல் வழுக்கும் அளவுக்குக் கொண்டுவரலாம். மெலிந்ததைப் போடக் கூடாது. போட்டபின் பத்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், முகம் படியட்டும்.

புது கார்பன் போட்டும் நெருப்பு வளையமாகச் சுற்றி ஓடினால் கோளாறு ஆர்மெச்சரில், அதாவது அந்தச் சுழலும் பகுதியில். அதில் கார்பன் உரசும் இடமான கம்யூட்டேட்டரின் செப்புப் பட்டைகள் சீராகப் பழுப்பேறி மினுங்கினால் நல்லது, அந்தப் பழுப்பைச் சுரண்டாதீர்கள். ஒரே ஒரு பட்டை மட்டும் கருகி அரிக்கப்பட்டிருந்தால் அதன் சுற்று அறுந்திருக்கிறது. பம்ப்செட் மோட்டாருக்கு அருமையாக வைண்டிங் செய்கிறவர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. ஆனால் 22,000 சுற்றில் ஓடும் ஆர்மெச்சருக்குக் கம்பி சுற்றினால் மட்டும் போதாது, எடை சமன் பார்த்து, வார்னிஷும் ஒழுங்காக ஏற வேண்டும். புது ஆர்மெச்சர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பேரிங் பற்றி ஒரே விஷயம். பழையதன் மேல் உள்ள எண்ணைப் பின்னெழுத்தோடு சேர்த்துப் பார்த்து வாங்குங்கள். இசட்இசட் (இரும்பு மூடி) என்றிருந்த இடத்தில், தூசி போகாது என்று 2ஆர்எஸ் எனும் ரப்பர் மூடி உள்ளதைச் சிலர் போட்டுவிடுவார்கள். அந்த ரப்பர் உள்வளையத்தில் உரசும், இந்த வேகத்தில் சூடேறிவிடும். சுடுகிற சுவிட்சை அதே ஆம்பியரில் மாற்றுங்கள். ஒயரை 1.5 சதுர மி.மீ.க்கு ஏற்றுங்கள். இரும்பு உடம்பாக இருந்து மூன்று கம்பி வந்தால் எர்த் உண்மையிலேயே போய்ச் சேருகிறதா என்று சோதியுங்கள்.

ஸ்பீடு கண்ட்ரோல் இல்லாததைச் சரிக்கட்ட ஃபேன் ரெகுலேட்டர் மாட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது எரிந்துபோகும். இந்த வகை மோட்டாருக்கென்றே 2,000 வாட்டுக்கு மேல் தாங்கும் ரெகுலேட்டர்கள் வருகின்றன. வேலை செய்யும், ஆனால் வேகத்தைக் குறைத்தால் சுமை வரும்போது இழுவை தளரும். என் யோசனை வேறு: பெரிய பிட்டே போடாதீர்கள். 50 மி.மீ. பிட்டின் விளிம்பு 22,000 சுற்றில் மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. 25 மி.மீ.க்கு உட்பட்ட காடி பிட், ரவுண்டு மோல்டிங் பிட், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நானாக இருந்தால் இந்த மெஷினைக் கைவேலையிலிருந்து ஓய்வு கொடுத்து மேசையில் தலைகீழாக மாட்டிவிடுவேன். கையில் பிடித்துச் செய்யச் சின்ன ட்ரிம்மர் (சிறிய ரவுட்டர்) ஒன்று தனியாக இருக்கட்டும். 10 மி.மீ. ஹைலம் சீட்டில் (பேக்கலைட் வகைக் கெட்டித் தகடு) அடித்தட்டு வெட்டி, பழைய தட்டின் திருகு ஓட்டைகளை அதன் மேல் குறித்துப் பொருத்துங்கள். தூண்களை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து மெழுகு தடவினால் போதும், கிரீஸ் வைத்தால் தூசி அப்பிக்கொள்ளும். தூண் ஸ்பிரிங்கைக் கழற்றினால் கீழிருந்து உயரம் ஏற்றுவது சுலபம். கழற்றும்போது முகத்தை அந்தப் பக்கம் காட்டாதீர்கள்.

மேசையில் முக்கியமான மாற்றம் சுவிட்ச். கரண்டு போகும், நீங்கள் டீ குடிக்கப் போவீர்கள், கரண்டு வரும், பூட்டிய சுவிட்சோடு மெஷின் தானாக ஓட ஆரம்பிக்கும். ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்கு வைக்கிற, உள்ளே காயில் (காந்தச் சுருள்) உள்ள பச்சை, சிவப்பு பட்டன் ஸ்டார்ட்டரே இதற்குப் போதும். கரண்டு போனால் அதன் காயில் விட்டுவிடும், மறுபடி பச்சையை அமுக்கினால்தான் ஓடும். சிவப்பு பட்டன் முழங்கால் தட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

கையில் பிடிக்கும்போது பலகையின் வெளி விளிம்பில் இடமிருந்து வலம் தள்ளிப் பழகியிருப்பீர்கள். தலைகீழாக மாட்டியபின் மரத்தை வலமிருந்து இடம் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் பிட் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகும், விரலும் கூடவே போகும். ஹைலம் தட்டில் நடு ஓட்டையை வெட்டும் முன், காலெட் நட்டு மேலே வரும்போது ஸ்பேனர் நுழைய இடம் இருக்கிறதா என்று ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிட்டுக்கும் மெஷினையே கழற்ற வேண்டிவரும்.